இழுவைப் பெட்டியைக் கொழுவும் முறையும் அவசரத் தடுப்பும்

காலபோக நெல் வீடு வரும் தை, மாசி மாதங்களில் உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டப்படும் இழுவைப் பெட்டிக்கு ஓய்வில்லை. வயல்வழி, குளக்கட்டு, மதகு, பெருந்தெரு ஆகிய எல்லாவற்றையும் அது நிறைபாரத்துடன் கடக்கின்றது. குளக்கட்டின் ஏற்றத்தில் அப்பெட்டி கழன்றுவிடுமாயின், பின்னே சைக்கிளில் வருபவருக்கோ நடந்து வரும் பிள்ளைக்கோ விலகுதற்கு இடமிராது. இவ்விபத்து நேர்வதற்குப் பெரும் பழுது எதுவும் வேண்டியதில்லை. இணைப்பாணியின் கீழ்நுனித் துளையிற் செருகப்படும் சிறு பூட்டூசி இல்லாதிருத்தலே போதும்.

கொழுவுதற்குச் சமநிலமே தகுந்தது. முதலிற் பெட்டியின் சில்லுகளுக்கு அடைக்கட்டை வைத்தல் வேண்டும். சாரதி இயந்திரத்தைப் பின்னோக்கிச் செலுத்துகையில் வேறொருவர் இரண்டுக்கும் நடுவில் நின்று சட்டத்தைத் தூக்கிப் பிடிப்பதுண்டு. இதனிலும் ஆபத்தான வழக்கம் வேறில்லை. இயந்திரம் முற்றாக நின்று, அதன் தடுப்பும் இடப்பட்ட பின்னரே ஆணி போடுதற்கு ஒருவர் உள்ளே செல்லலாம்.

ஆணி துளைக்கு அளவானதாயிருத்தல் வேண்டும். மெலிந்த கம்பித் துண்டைப் போட்டால், அது ஒவ்வொரு குழியிலும் முன்னும் பின்னும் இடித்துத் துளையை நீளச்செய்யும். பின்பு சரியான ஆணி வாங்கினாலும் ஆட்டம் தீராது. பூட்டூசிக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை முறுக்கிவிடலும் ஆகாது.

பெட்டியைக் கீழேயுள்ள இழுவைச் சட்டத்திலேயே கொழுவுதல் வேண்டும். பின் அச்சுக்கு மேலான இடத்திற் பூட்டி இழுத்தால், ஏற்றத்திலோ சேற்றிலோ முன்சில்லுகள் எழும்பி, இயந்திரம் சாரதிமேற் கவிழக்கூடும். ஒற்றை அச்சுப் பெட்டியிற் பாரம் அச்சுக்குச் சற்று முன்னே அமைதல் நன்று. மூடைகள் பின்னே மிகுந்தால் பெட்டியின் சட்டம் மேலெழும்பி இணைப்பைத் தூக்கும்.

ஆணி முறிந்தாலும் பெட்டியைப் பிடித்து வைப்பன காவற்சங்கிலிகள். இரண்டு சங்கிலிகளைச் சட்டத்தின் கீழே குறுக்காக மாற்றிக் கொழுவினால், விழும் சட்டம் நிலத்திற் குத்தாது அவற்றின்மேல் தங்கும்.

தடுப்புள்ள பெட்டிகள் சிலவற்றில் அவசரத் தடுப்பு வடம் ஒன்று உண்டு. பெட்டி கழன்று விலகும்பொழுது இவ்வடம் தடுப்பு நெம்பை இழுத்துச் சில்லுகளை இறுக்கிவிட்டுப் பின்பு தான் அறும். ஆதலின் அதன் முன்நுனியை இயந்திரத்தின் உடலில் உறுதியான இடத்திலே கட்டுதல் வேண்டும். இணைப்பாணியிற் கட்டினால், ஆணி கழலும்பொழுது வடமும் பெட்டியுடனே போய்விடும், தடுப்பு இயங்காது. காவற்சங்கிலியுடன் சேர்த்துக் கட்டுவதும் தவறு. இயந்திரத்தை இருபுறமும் முற்றாகத் திருப்பிப் பார்த்து, வடம் இறுகாமலும் நிலத்தில் இழுபடாமலும் இருக்குமாறு நீளத்தை அமைத்துக் கொள்ளலாம்.

போகத்துக்கு முன் இதனைச் சோதித்தல் எளிது. சமநிலத்தில், வெறும் பெட்டியைக் கழற்றி வைத்து, வடத்தைக் கையால் இழுத்துவிட்டு, அடைக்கட்டைகளை எடுத்தபின் பெட்டியை இருவர் தள்ளிப் பார்க்கட்டும். சில்லு உருண்டால் தடுப்புப் பட்டைகள் தேய்ந்திருக்கலாம், அல்லது நெம்பு துருப்பிடித்திருக்கலாம். திருத்தாமற் பாரம் ஏற்றலாகாது. சோதனை முடிந்ததும் நெம்பைப் பழைய நிலைக்கு மீட்டுவிட மறத்தலும் ஆகாது. மறந்தால் தடுப்பு உராய்ந்து சூடேறும்.

தடுப்பே இல்லாத பெட்டியாயின் பாரத்தையும் வேகத்தையும் குறைப்பதே வழி. வேகம் இருமடங்கானால், தடுப்பை அழுத்திய பின் ஓடும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகின்றது. பாரம் ஏற்றிப் புறப்பட்டதும், பெருந்தெருவில் ஏறுமுன் ஒருமுறை நிறுத்தி ஆணி, பூட்டூசி, சங்கிலி, வடம் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.