லோடர் பூட்டிய சிறு டிராக்டருக்குப் பின்புற எதிர் எடை

எருவும் மண்ணும் அள்ளுவதற்காகச் சிறு டிராக்டரின் முன்புறத்தில் லோடர் பொருத்துவோர், பின்புறத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். லோடரின் வாளி சுமையைத் தூக்கும்போது, முன் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு வண்டி நெம்புகோலாகிவிடுகிறது. பின் சக்கரங்கள் எடை இழக்கின்றன. பெரும்பாலான சிறு டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களுக்கே உண்டு. ஆதலால் சரிவில் பிரேக் பிடிக்காமல் போகலாம். வண்டி கவிழவும் கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு: அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 1.5 மீட்டர் எனக் கொள்வோம். முன் அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால் 300 கிலோ சுமை இருந்தால், பின் சக்கரங்கள் 300 கிலோவை இழக்கும். முன் அச்சின்மேல் 600 கிலோ கூடும். பின் அச்சுக்கு 75 சென்டிமீட்டர் பின்னால் 200 கிலோ எதிர் எடையைப் பொருத்தினால், இழந்த 300 கிலோவும் பின் சக்கரங்களுக்கு மீளும்; முன் அச்சில் 100 கிலோ குறையும்.

டயரில் நிரப்பும் நீரும் சக்கர எடைகளும் பின்புறத்திற்குக் கனம் சேர்ப்பினும், முன் அச்சின் பாரத்தைக் குறைப்பதில்லை. எனவே மும்முனை இணைப்பில் மாட்டும் எடையே சிறந்தது. அதன் அளவு கையேட்டில் கூறப்பட்ட வரம்பைத் தாண்டலாகாது. வாளியைத் தாழ்த்தி வைத்தே வண்டியைச் செலுத்துக. கடனுக்காக விலைப்புள்ளி பெறும்போதே எதிர் எடையின் விலையையும் அதில் சேர்த்துக் கேட்பது நலம்.