தங்கம் இருந்தும் காலியான ஊர்

கம்பி மத்தாப்பைக் கொளுத்தினால் சடசடவென்று பொறிகள் சிதறுகின்றனவே, அவை என்ன தெரியுமா? எரிகிற உலோகம்! மஞ்சளாகத் தெறிப்பது இரும்புத் தூள். கண் கூசும் வெள்ளையாக மின்னுவது அலுமினியப் பொடி. சூடேறியதும் இரும்பும் அலுமினியமும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகின்றன. சேரும்போது வெளிச்சமும் வெப்பமும் வருகின்றன. சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

சரி, இரும்புக்குப் பதிலாகத் தங்கத் தூளைப் போட்டு மத்தாப்பு செய்தால் என்ன ஆகும்? அந்தத் தூளிலிருந்து ஒரு பொறிகூட வராது. தங்கம் ஆக்சிஜனோடு சேராது. 1064 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது உருகும், ஆனால் எரியாது. பல நூறு ஆண்டு மண்ணுக்குள் கிடந்தாலும் துருப்பிடிக்காது. அதனால்தான் இரும்பைச் செம்மண் நிறத் தாதுவாகத் தோண்டியெடுத்து உருக்க வேண்டியிருக்க, தங்கமோ பல இடங்களில் தங்கமாகவே மண்ணிலும் பாறையிலும் கிடைக்கிறது.

அப்படித் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, நம் தமிழ்நாட்டிலேயே காட்டுக்குள் ஒரு ஊர் திடீரென்று முளைத்தது. சில ஆண்டுகளிலேயே காலியாகவும் ஆனது. தங்கம் இருப்பதாகச் சொன்னது பொய்யா? இல்லை, தங்கம் உண்மையாகவே இருந்தது. பிறகு ஏன் ஊர் காலியானது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மழைக்காட்டில் முளைத்த நகரம்

நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி இருக்கின்றன தேவாலாவும் பந்தலூரும். சிவகாசி, சாத்தூர் பக்கத்து நம்முடைய கரிசல் காட்டுக்கும் அந்த ஊர்களுக்கும் ஏழாம் பொருத்தம். நம் பக்கம் மழை குறைவு. பட்டாசும் தீப்பெட்டியும் காயவைக்க வெயில் தாராளமாகக் கிடைக்கும். தேவாலாவோ தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று.

அங்கே வாழ்ந்த பழங்குடி மக்கள் ஓடை மணலை மரத்தட்டில் அலசித் தங்கத் துகள் எடுத்துவந்தார்கள். மலைச்சரிவுகளில் யாரோ எந்தக் காலத்திலோ தோண்டிய பழைய குழிகளும் இருந்தன. இதைக் கவனித்த ஆங்கிலேயர்கள் ஆராயத் தொடங்கினார்கள். 1879இல், ஆஸ்திரேலியாவில் சுரங்கத் துறையில் பெயர் பெற்றிருந்த ராபர்ட் ப்ரஃப் ஸ்மித் என்பவரை அரசாங்கம் வரவழைத்தது. 1880இல் வந்த அவருடைய அறிக்கை நம்பிக்கை தந்தது.

அவ்வளவுதான், லண்டனில் தங்கக் கம்பெனிகள் புற்றீசல் போலக் கிளம்பின. பல லட்சம் பவுண்டு பணம் திரண்டது. பாறையை இடித்துப் பொடியாக்கும் கனமான இயந்திரங்கள் கப்பலில் வந்து இறங்கி, மாட்டு வண்டிகளில் மலையேறின. பந்தலூரில் கடைகள் வந்தன, தங்கும் விடுதி வந்தது, குதிரைப் பந்தயத் திடல்கூட வந்தது.

மலைக்குள் தங்கம் போன வழி

அந்த மலைக்குள் தங்கம் எப்படி வந்தது? அங்கேதான் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருள் குறுக்கே வருகிறது. அதுதான் கந்தகம்!

பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறை மிகவும் சூடாக இருக்கும். அங்கே இருக்கும் தண்ணீரின் சூடு 200, 300 டிகிரியைத் தாண்டும். ஆனாலும் மேலே இருக்கும் பாறையின் அழுத்தத்தால் அது ஆவியாகிப் போய்விடாது. அந்த வெந்நீரில் கந்தகச் சேர்மங்கள் கரைந்திருக்கும். ஆக்சிஜனோடு சேராத தங்கம் இந்தக் கந்தகத்தோடு கைகோத்துக்கொண்டு நீரில் கரைந்துவிடுகிறது.

பூமி அசையும்போது பாறையில் வெடிப்பு விழும். வெந்நீர் அந்த வெடிப்பு வழியாக மேலே ஏறும். சோடா பாட்டிலின் மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து கரைந்திருந்த வாயு வெளியே வருகிறதல்லவா, அதுபோல வெடிப்புக்குள் அழுத்தம் சட்டென்று குறைய, நீரில் கரைந்திருந்தவை பிரிந்து படிகின்றன. முதலில் வெடிப்பை நிரப்புவது குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக்கல். வைப்பாற்று மணலை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதில் கண்ணாடிபோல் மினுங்கும் பல மணிகள் குவார்ட்ஸ்தான். அந்த வெள்ளைக்கல்லோடு இங்கொரு துளி அங்கொரு துளியாகத் தங்கமும் படியும். கூடவே இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற மஞ்சள் கனிமமும் படியும்.

கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையும் வெயிலும் மலையைக் கரைக்கும்போது, பைரைட் துருப்பிடித்துச் சிதைந்துவிடும். துருப்பிடிக்காத தங்கம் அப்படியே தங்கிவிடும். அதன் ஒரு பங்கு ஓடைக்குப் போகும். ஒரு லிட்டர் பாட்டில் நிறைய தண்ணீர் 1 கிலோ. அதே அளவு குவார்ட்ஸ் சுமார் 2.65 கிலோ. தங்கமோ 19.3 கிலோ! நீருக்குள் மூழ்கியிருக்கும்போது மூன்றிலும் 1 கிலோ கழியும். அப்போது குவார்ட்ஸ் 1.65, தங்கம் 18.3. ஏழு மடங்காக இருந்த வித்தியாசம் பதினொரு மடங்காகிவிடுகிறது. தட்டில் மணலை நீர் விட்டுச் சுழற்றினால் மணல் வழிந்து ஓடுவதும், தங்கம் அடியில் நின்றுவிடுவதும் இதனால்தான்.

எங்கே கணக்கு தப்பியது?

இப்போது கம்பெனிகளின் கதைக்கு வருவோம். பாறையை இடித்துப் பொடியாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மீது நீரோடு ஓடவிட்டார்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் 357 டிகிரியில் பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் மிஞ்சும். அந்த ஆவி நரம்பையும் மூளையையும் கெடுக்கும் நஞ்சு. இந்த முறையை நீங்கள் எந்தக் காரணம்கொண்டும் செய்து பார்க்கக் கூடாது.

இடித்துப் பார்த்தபோது, எதிர்பார்த்த தங்கம் வரவில்லை. காரணங்கள் இரண்டு.

முதல் காரணம், மேல்பகுதி வேறு, அடிப்பகுதி வேறு. மேலே பைரைட் சிதைந்துபோனதால் தங்கம் தனியாகக் கிடந்தது. அதுதான் கண்ணில் பட்டது, நம்பிக்கையும் தந்தது. அதிலும் நல்ல இடங்களைப் பழங்காலத்தவர் முன்பே தோண்டி எடுத்திருந்தார்கள். ஆழத்துக்குப் போகப் போகப் பைரைட் சிதையாமல் இருந்தது. அதற்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய தங்கத்தைப் பாதரசத்தால் தொட முடியாது. அப்படிப்பட்ட தங்கத்தைப் பெருமளவு பிரித்தெடுக்க உதவும் சயனைடு முறைக்கு 1887இல்தான் காப்புரிமை கிடைத்தது. அதற்குள் பந்தலூரின் கொண்டாட்டம் அடங்கிவிட்டது.

இரண்டாம் காரணம்தான் முக்கியமானது. சில மாதிரிக் கற்களில் தங்கம் நிறைய இருந்தால், மலை முழுவதும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு டன் பாறையில் ஒரு பவுன், அதாவது 8 கிராம் தங்கம் என்றால், பத்து லட்சம் கிராமில் 8 கிராம். அதுவும் சமமாகப் பரவியிருக்காது. ஒரு கல்லில் திரளாக இருக்கும், பக்கத்துக் கல்லில் ஒன்றுமே இருக்காது. மினுங்கும் கல்லை மட்டும் எடுத்துச் சோதித்தால் விடை பெரிதாகத்தான் வரும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி “தங்கம் இருக்கிறதா?” என்பது மட்டுமில்லை. “சராசரியாக எவ்வளவு இருக்கிறது, அதை எடுக்க எவ்வளவு செலவாகும்?” என்பதையும் கேட்க வேண்டும்.

அதே காலத்தில் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் சராசரியும் நன்றாக இருந்தது, தங்கமும் ஆழம் வரை தொடர்ந்தது. வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தார்கள். சுரங்கம் 3 கிலோமீட்டரைத் தாண்டி இறங்கியது. மொத்தம் 800 டன்னுக்கும் அதிகமாகத் தங்கம் வந்தது. அங்கேயும் கடைசியில் தங்கத்தின் அளவு குறைந்து செலவு மிஞ்சியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் முழுவதும் தீர்ந்துபோய் மூடவில்லை, கணக்கு கட்டுப்படியாகாமல் மூடினார்கள்.

பந்தலூர் பிறகு தேயிலையால் பிழைத்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் பலர் அந்தப் பகுதியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்து குடும்பம் வளர்த்தார்கள். பழைய சுரங்கக் குழிகள் இன்றும் புதருக்குள் இருக்கின்றன. தங்க ஆசையில் அவற்றுக்குள் இறங்கி, மண் சரிந்து உயிரிழந்தவர்கள் உண்டு. கைவிட்ட குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது.

செய்து பாருங்கள்

மாதிரி எடுப்பதில் கம்பெனிகள் செய்த தவறை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கிலோ அரிசியை அகலமான பாத்திரத்தில் கொட்டுங்கள். இருபது கறுப்பு உளுந்தை எண்ணி அதில் ஒரே மூலையில் போட்டு, லேசாக மட்டும் கிளறுங்கள். இப்போது உங்கள் தோழியை, உளுந்து தெரிகிற இடமாகப் பார்த்து ஐந்து கரண்டி அள்ளச் சொல்லுங்கள். எத்தனை உளுந்து வந்தது என்று எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் திரும்பக் கொட்டுங்கள்.

அடுத்து அரிசியை நன்றாகக் கலந்துவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு நீங்கள் ஐந்து கரண்டி அள்ளுங்கள். முழு அரிசியும் எத்தனை கரண்டி என்று அளந்து, இருவருக்கும் ஒரு கரண்டிக்குச் சராசரியாக வந்த உளுந்தின் எண்ணிக்கையை அந்த எண்ணால் பெருக்குங்கள். யாருடைய விடை இருபதுக்குப் பக்கத்தில் வருகிறது? ஒருமுறை செய்து நிறுத்திவிடாதீர்கள். பத்து முறை செய்தால்தான் உண்மை பிடிபடும்.

உளுந்தே வராத கரண்டிக்கும் நோட்டில் 0 என்று கட்டாயம் எழுதுங்கள். அந்த 0-க்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், அரிசிப் பாத்திரமும் தங்கமலையாகத்தான் தெரியும்.