திரும்பி வந்த பொருளுக்கு எவ்வளவு நஷ்டம்?

அமெரிக்காவில் ஒரு பெரிய கடையின் வாசலில் ஒருவர் பிடிபடுகிறார். பையில் 18 டாலர் லிப்ஸ்டிக், பில் இல்லை. கடைக் காவலர் உள்ளறைக்கு அழைத்துப்போய் அடையாள அட்டையை நகல் எடுக்கிறார், ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார். லிப்ஸ்டிக் உறை பிரியாமல் மறுபடி அலமாரிக்குப் போய்விடுகிறது. போலீஸ் வரவில்லை. ஆள் வீடு திரும்புகிறார். சில வாரம் கழித்துத் தபாலில் ஒரு கடிதம் வருகிறது, அதுவும் கடையிடமிருந்து அல்ல, வெளியூர் வக்கீல் அலுவலகம் ஒன்றிலிருந்து. மேலே ஒரு கோப்பு எண், நடுவில் மாநிலச் சட்டத்தின் பிரிவு எண், 300 டாலர், ஒரு கெடு தேதி. அடியில் கிரெடிட் கார்டு எண்ணை நிரப்பி அனுப்ப வெட்டுக்கோடு போட்ட ஒரு துண்டு.

பொருள்தான் திரும்பிவிட்டதே, இந்த 300 டாலர் எதற்கு? படிக்கிறவர் மனசில் எழும் இந்தக் கேள்வி நியாயமானது. மூன்று நாட்டுச் சட்டங்கள் இதற்கு வேறுவேறு விடை சொல்லியிருக்கின்றன.

முதலில், அந்தக் கடிதம் என்ன என்பது தெரிய வேண்டும். நம் ஊரில் வக்கீல் நோட்டீஸ் என்போமே, அதுதான். கோர்ட் உத்தரவு அல்ல, அபராதமும் அல்ல. திருட்டுக் குற்றத்துக்குத் தண்டனை கேட்பது அரசு, அது கிரிமினல் வழக்கு. நஷ்டஈடு கேட்பது கடை, அது சிவில் வழக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஓடும் தண்டவாளங்கள். 300 டாலரைக் கட்டினால் கிரிமினல் வழக்கு தானாக நின்றுவிடாது. கட்டாவிட்டால் அதற்காகவே யாரும் கைது செய்யவும் முடியாது. கடிதம் கிடைத்தவர்கள் அவசரப்பட்டுப் பணம் கட்டுவது பெரும்பாலும் இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

சிவில் சட்டத்தின் அடிப்படை, எவ்வளவு இழப்போ அவ்வளவே ஈடு என்பது. பொருள் சேதமில்லாமல் திரும்பிவிட்டால் இழப்பு பூஜ்யம். ஆனால் காவலர் சம்பளம், கேமரா, அலாரம் எல்லாவற்றுக்கும் திருடர்களால்தானே செலவு என்று கடைகள் வாதாடின. அமெரிக்கச் சட்டமன்றங்கள் 1970களிலிருந்து ஒவ்வொன்றாக அதை ஏற்றுக்கொண்டு, இழப்பை நிரூபிக்காமலே கேட்கக்கூடிய தொகையைச் சட்டத்திலேயே எழுதிவைத்தன. இன்று 50 மாநிலங்களிலும் ஏதாவதொரு வடிவில் இப்படிச் சட்டம் இருக்கிறது.

அதே லிப்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவில் குறைந்தது 50 டாலர், அதிகபட்சம் 500. ஃபுளோரிடாவில் இழப்பின் மும்மடங்கு, ஆனால் 200 டாலருக்குக் குறையாது. நியூயார்க்கில் விலையின் ஐந்து மடங்கு அல்லது 75 டாலர், இதில் எது அதிகமோ அதுவரை; எப்படியும் 500ஐத் தாண்டக்கூடாது. 18ஐ ஐந்தால் பெருக்கினால் 90. ஆக, நியூயார்க்கில் சேதமில்லாமல் திரும்பிய லிப்ஸ்டிக்குக்கு 300 டாலர் கேட்டால், கடிதம் அது காட்டும் சட்டத்தையே மீறுகிறது. பிரிவு எண்ணைப் பார்த்தாலே பலருக்கு மிரட்சி வருகிறது. என்னைக் கேட்டால், கடிதத்தில் உதவியான வரியே அதுதான். அந்தப் பிரிவைத் தேடி எடுத்துப் படித்தால் உச்சவரம்பு தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் இப்படித் தொகை குறித்த சட்டம் இல்லை. ஆனாலும் அங்கேயும் இதே மாதிரிக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் போயின. ஒரு வழக்கு 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு கவுன்டி கோர்ட்டில் முழு விசாரணைக்கு வந்தது. பதின்ம வயதுப் பெண்கள் இருவர், பொருள்கள் திரும்பக் கிடைத்துவிட்டன, ஆளுக்கு 137.50 பவுண்டு கேட்டது கடை. பிடிப்பதில் காவலர்களின் நேரம் வீணானது என்பது அதன் வாதம். அவர்கள் தங்கள் வேலையிலிருந்து திசைதிருப்பப்படவில்லை, சம்பளம் வாங்கும் வேலையைத்தான் செய்தார்கள் என்று சொல்லி நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். அந்தப் பெண்கள் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைய சம்பளம் அதேதான். இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை விளக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

கனடாவின் மானிடோபாவில் நடந்தது இன்னும் உருக்கமானது. மகன் கடையில் திருடியதற்குத் தாய்க்கு நோட்டீஸ் வந்தது. அவர் 225 டாலர் கட்டினார். பிறகு யோசித்து, அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். பிள்ளை செய்ததற்குப் பெற்றோர் என்பதாலேயே பொறுப்பு வந்துவிடாது என்று 1996இல் கோர்ட் சொன்னது. பணம் திரும்பக் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் இந்த வாதம் செல்லாது. அங்கே சிறார் திருடினால் பெற்றோரிடம் கேட்கலாம் என்று சட்டமே சொல்கிறது.

எதற்கும் எல்லை உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு தனியார் நிறுவனம், பிடிபட்டவர்களிடம் சில நூறு டாலர் கட்டி எங்கள் வகுப்பை முடித்தால் போலீசுக்குப் போகமாட்டோம் என்று கடைகளோடு சேர்ந்து பேரம் பேசிவந்தது. இது மிரட்டிப் பணம் பறித்தல் என்று சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

கடிதம் கையில் இருக்கிறவர் செய்யவேண்டிய முதல் காரியம், பேசாமல் இருப்பது. போனில் மன்னிப்புக் கேட்டு அழுதாலும், பதிலில் நடந்ததை விவரித்து எழுதினாலும், கிரிமினல் வழக்கில் அதுவே ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நிற்கலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியம். திருட்டு, விசாவையே பறிக்கக்கூடிய குற்றம் என்று இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் 2025 ஜூலையில் வெளிப்படையாகவே எச்சரித்தது. அந்த மாணவர்கள் 300 டாலரைப் பற்றி யோசிக்கும் முன் கிரிமினல் வக்கீலையும் குடியேற்ற வக்கீலையும் பார்ப்பது நல்லது.

கட்டுவது என்று முடிவெடுத்தால், இந்தச் சம்பவம் தொடர்பாக இனி சிவில் கோரிக்கை எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்க வேண்டும். ஃபுளோரிடாவில் 30 நாளுக்குள் கட்டியவருக்கு அந்த விடுதலைப் பத்திரம் சட்டப்படியே கிடைக்கும். கட்டாமல் விட்டால், சின்னத் தொகைக்காக வக்கீல் வைத்து வழக்கு நடத்துவது கடைக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஆனால் வழக்குப் போடும் உரிமை அதற்கு இருக்கிறது. அதனால் பின்னால் வரும் தபாலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் கோர்ட்டின் பெயரும் வழக்கு எண்ணும் இருந்தால் அது நோட்டீஸ் அல்ல, சம்மன். அதற்கு உரிய நாளுக்குள் பதில் போடாவிட்டால், எதிர்த்தரப்பு சொன்னதை மட்டும் வைத்தே தீர்ப்பு வந்துவிடும்.