அகல் அச்சும் கணிப்பொறியும்

கார்த்திகை நெருங்கிவிட்டது. ரமணாசிரமத்துக்கு அருகே, செங்கம் சாலையோரம் ஓர் அகல் கடை. கடைக்காரரின் மகள் கல்லூரி மாணவி. மடியில் கணிப்பொறிப் புத்தகம், முகத்தில் கவலை.

"பொருள்நோக்கு நிரலாக்கமாம், ஸார். மனப்பாடம் ஆகிவிட்டது, ஒன்றும் விளங்கவில்லை. படிப்பையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது" என்றாள்.

"அகல் எப்படி அம்மா செய்கிறீர்கள்?"

"அச்சில் களிமண்ணை வைத்து அழுத்தி எடுப்போம்."

விஷயம் அதுதான்!

அச்சு ஒன்று, அகல் ஆயிரம்

அச்சுக்குப் பெயர் இனக்குழு, அதாவது 'கிளாஸ்'. அதில் பிறக்கும் ஒவ்வோர் அகலும் ஒரு பொருள், 'ஆப்ஜெக்ட்'. வடிவம் ஒன்றே, நிலைமை வேறு. ஓர் அகலில் எண்ணெய் நிறைய, மற்றொன்றில் பாதி. அந்தக் கணக்கு அந்தந்த அகலுக்குள்ளேயே இருக்கும். பிறர் அதில் நேரே கைவைக்கக் கூடாது. 'ஊற்று', 'ஏற்று', 'அணை' என்று கட்டளையிடலாம். இது உறைபொதியாக்கம். என்ன சௌகரியம்? நிரம்பியதும் 'போதும்' என்று தடுக்கும் விதியை ஒரே இடத்தில் எழுதினால் போதும்.

விளக்கு என்ற பொது அச்சுக்கு அகலும் குத்துவிளக்கும் பிள்ளைகள். பொதுக் குணங்கள் தாயிடமிருந்து வரும்; குத்துவிளக்கின் ஐந்து முகங்களை மட்டும் புதிதாக எழுதினால் ஆயிற்று. இது மரபுரிமம்.

'ஏற்று' என்பது ஒரே சொல். அகலுக்குத் தீக்குச்சி, மின்விளக்குக்குச் சுவிட்சு, மலையுச்சிக் கொப்பரைக்கு நெய்யும் கற்பூரமும். ஒவ்வொன்றும் தன் வழியில் எரியும். இது பல்லுருவாக்கம்.

ஒரு வித்தியாசம் உண்டு. மண் அகலைப் பிறர் ஏற்ற வேண்டும். நிரலில் உள்ள அகலோ கட்டளை கேட்டதும் தானே ஏற்றிக்கொள்ளும். தகவலும் செயலும் ஒரே இடத்தில் குடியிருப்பதுதான் இம்முறையின் உயிர்.

நார்வேயில் பிறந்தது

உலக நடப்புகளைக் கணிப்பொறியில் பாவனை செய்து பார்ப்பதற்காக நார்வே நாட்டு ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் 1960களில் 'சிமுலா' மொழியைப் படைத்தார்கள். 1970களில் அமெரிக்காவில் ஆலன் கே குழுவினரின் 'ஸ்மால்டாக்' தோன்றியது. 1985இல் சி பிளஸ் பிளஸ், 1995இல் ஜாவா வெளிவந்து இம்முறையை உலகெங்கும் பரப்பின.

மாணவி ஓர் அகலைத் திருப்பிப் பார்த்தாள். "அகல் உடைந்தால் ஒன்றுதான் நஷ்டம், அச்சு கோணலானால் அத்தனையும் கோணல். அப்படித்தானே, ஸார்?"

"பாதிப் பரீட்சை தேறிவிட்டாய், அம்மா!"

ஒரு டஜன் அகல் வாங்கினேன். காசு வேண்டாம் என்றாள் மகள், தந்தை ஒப்பவில்லை!