கட்டளைகளை எடிட்டரில் எழுதுங்கள்

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா, ஒவ்வொரு சூளைக்கும் எத்தனை உருப்படி உள்ளே போனது, எத்தனை விரிசல் விட்டது என்று நோட்டில் எழுதி வைப்பார். கருவேப்பிலங்குறிச்சிக்குப் போயிருந்தபோது அந்தக் கணக்கை ‘ஆர்’ மென்பொருளில் போட்டு, எந்த வெப்பநிலையில் சேதம் குறைவு என்று சொன்னேன். மூன்று மாதம் கழித்துப் புதுக் கணக்குடன் வந்தார். "தம்பி, அன்னைக்குப் பண்ணினதையே இதுக்கும் பண்ணு. அப்போ எந்தெந்தச் சூளையை விட்டுட்டே?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கட்டளைகளை நேராகக் கன்சோலில் அடித்துவிட்டு, மூடும்போது ‘சேமிக்கவா?’ என்று கேட்டதற்கு ‘நோ’ கொடுத்திருந்தேன்!

ஆர் என்பது புள்ளியியல் கணக்குகளுக்கான இலவச மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் உருவாக்கியது. 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. இதன் மையக் குழுவில் இடம்பெற்றவர்களில் டெல்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தீபாயன் சர்க்காரும் ஒருவர்.

இதில் கட்டளைகளைத் தனி எடிட்டரில் எழுதி, பைலாகச் சேமிப்பதே நல்லது. அடுத்த மாதம் டேட்டா பைலின் பெயரை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டினால் போதும்.

வேர்டில் எழுதலாமே என்பீர்கள். வேண்டாம். நேரான மேற்கோள் குறியை வேர்ட் அழகாக வளைத்துவிடும்; ஆர் அதை ஏற்காமல் பிழை காட்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால், தவறைக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். நோட்பேட் வளைக்காது, ஆனால் பெரிய உதவியும் செய்யாது.

2011-இல் வெளிவந்த ஆர்-ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பு புதியவர்களுக்குப் போதும். முதலில் ஆர், பிறகு ஆர்-ஸ்டுடியோ என்ற வரிசையில் இன்ஸ்டால் செய்யவும். கட்டளைகள், மேற்கோளுக்குள் உள்ளவை, குறிப்புகள் எல்லாம் வேறு வேறு நிறத்தில் தெரியும். மேற்கோளை மூட மறந்தால் அடுத்த வரிகளெல்லாம் நிறம் மாறி உங்களை எச்சரிக்கும். கர்சரை ஒரு வரியில் வைத்து கன்ட்ரோல், என்டர் கீகளைச் சேர்த்து அழுத்தினால் அந்த வரி மட்டும் ஓடும். பழைய கம்ப்யூட்டரில் இது மெதுவாக இருந்தால் நோட்பேட் பிளஸ் பிளஸ் பயன்படுத்தலாம். நிறங்கள் கிடைக்கும், ஓட்டுவதற்கு மட்டும் ஆர் விண்டோவுக்குப் போக வேண்டும்.

ஹாஷ் குறிக்குப் பின் எழுதுவதை ஆர் கண்டுகொள்ளாது. பைலை யூடிஎப்-8 முறையில் சேமித்தால் அங்கே தமிழிலேயே குறிப்பு எழுதலாம். சித்தப்பாவின் பைலில் இப்போது முதல் வரி இதுதான்: ‘7-ஆம் சூளை மழையில் நனைந்த விறகு, கணக்கில் சேர்க்கவில்லை.’