தோற்றாலும் கூட்டம்! ஜெயித்தாலும் காலி நாற்காலி!

சினிமாப் படம் நன்றாக இல்லை என்றால் என்ன ஆகும்? இரண்டாவது வாரமே கொட்டகை காற்று வாங்கும். இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

கனடா நாட்டில் ஐஸ் ஆக்கி விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு செல்லவில்லை!

ஐஸ் ஆக்கி என்பது பனிக்கட்டித் தரையில் ஆடும் ஆக்கி. காலில் கத்தி பொருத்திய பூட்ஸ். பந்துக்குப் பதில் ரப்பர் வில்லை. குளிர்காலம் வந்துவிட்டால் அந்த நாட்டில் இதே பேச்சுத்தான். வட அமெரிக்காவின் பெரிய கோஷ்டிகள் 32. அதில் கனடாவுக்கு 7. மற்றவை அமெரிக்க ஊர்களுடையவை. எல்லாரும் மோதுவது ஸ்டான்லி கோப்பைக்காக. 1993-ல் மாண்ட்ரீல் கோஷ்டி அதை வென்றது. அதற்குப் பிறகு 2025 வரை கனடாக் கோஷ்டி எதற்கும் அது கிடைக்கவில்லை.

58 வருஷ ஏக்கம்

டொராண்டோ நகரத்துக் கோஷ்டியின் பெயர் மேப்பிள் லீப்ஸ். 1967-ல் கோப்பை வாங்கினார்கள். அன்று கைதட்டிய வாலிபர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். 2025 வரை கோப்பை திரும்பி வரவில்லை. 2013-ல் பாஸ்டன் கோஷ்டியுடன் வாழ்வா சாவா ஆட்டம். கடைசிப் பகுதியில் 4-1 என்று முன்னே நின்றார்கள். அதையும் தோற்றார்கள்!

ஆனாலும் அவர்களுடைய அரங்கில் உள்ள சுமார் 18,800 இடங்களும் அநேகமாக நிரம்பிவிடும். காரணம், வருஷ டிக்கெட். சொந்த ஊர் ஆட்டங்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். வைத்திருப்பவர் அதை விடமாட்டார். விட்டால் வாங்கிக்கொள்ள நீண்ட வரிசை காத்திருக்கிறது. அப்பாவிடம் இருந்து பிள்ளைக்கு, வீடு வாசல் போலப் போகிற சொத்து அது. கம்பெனிகளும் வியாபார நண்பர்களை அழைத்துப்போக வாங்கி வைக்கின்றன.

கோபம் வராமல் இல்லை. 2010 டிசம்பரில், தொடர் தோல்வியால் மனம் வெறுத்த ஒரு ரசிகர் வாஃபிள் என்ற பலகாரத்தை ஆடுகளத்தில் வீசினார். அவர் மேல் வழக்குப் போட்டார்கள். வீசுவதற்கும் காசு கொடுத்துத்தானே அவர் உள்ளே போயிருப்பார்!

எட்மன்டன் ரசிகர்களின் பொறுமை இன்னும் பெரிது. 1984 முதல் 1990 வரை 5 கோப்பைகள் வென்ற ஊர் அது. பிறகு 2007 முதல் 2016 வரை, 10 பருவங்கள், கோப்பைச் சுற்றுக்குள் காலே வைக்கவில்லை. அரங்கு காலியாகவில்லை. 2014 மார்ச்சில் 8-1 என்று படுதோல்வி. ஒரு ரசிகர் தன் கோஷ்டிச் சட்டையைப் பனிக்கட்டியில் எறிந்தார். கோல் காவலர் பென் ஸ்கிரிவன்ஸ் அதை மட்டையால் தூக்கி, வந்த பக்கமே திருப்பி எறிந்தார்!

கூட்டம் ஓடியது எங்கே?

தலைநகரான ஒட்டாவாவில் கதை வேறு. 2017 மே மாதம் செனட்டர்ஸ் கோஷ்டி கடைசி நான்கில் ஒன்றாக நின்றது. நல்ல ஆட்டம். அப்போதே காலி நாற்காலிகள்! அரங்கு நகரத்துக்கு வெளியே வெகு தூரத்தில் இருந்தது. அடுத்த பருவத்தில் சுமார் 1,500 நாற்காலிகளைத் துணி போட்டு மூடிவிட்டார்கள்.

அந்த டிசம்பரில் முதலாளி யூஜின் மெல்னிக், கூட்டம் குறைந்தால் கோஷ்டியை வேறு ஊருக்குக் கொண்டு போவது பற்றிப் பேசினார். ரசிகர்களுக்குச் சுருக்கென்று தைத்தது. காசு வசூலித்து, "மெல்னிக்கே, போ" என்ற பொருளில் நகரத்தில் விளம்பரப் பலகை வைத்தார்கள். 2018 செப்டம்பரில் காப்டன் எரிக் கார்ல்சனையும் வேறு கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பருவத்தில் 31 கோஷ்டிகளில் கடைசி இடம். கூட்டம் மெலிந்தது.

தோல்வியை ரசிகன் மன்னிக்கிறான். மிரட்டலை மன்னிப்பதில்லை. மெல்னிக் 2022-ல் காலமானார். 2023-ல் புது முதலாளி வந்தார். 2025-ல் கோஷ்டி 8 வருஷத்துக்குப் பிறகு கோப்பைச் சுற்றுக்குள் நுழைந்தது. கூட்டமும் திரும்பியது.

போனால் வராது

ரசிகனின் ஒரே ஆயுதம் காலி நாற்காலி. அதை எடுக்க ஏன் பயப்படுகிறான்? கியூபெக் நகரத்தைக் கேளுங்கள். 1989, 1990, 1991 மூன்று வருஷமும் அவர்களுடைய நோர்டிக்ஸ் கோஷ்டிக்குக் கடைசி இடம். பிறகு நல்ல இளைஞர்கள் சேர்ந்தார்கள். கோஷ்டி தலையெடுத்தது. ஆனால் சிறிய ஊர், பணமுடை. 1995-ல் அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார்கள். 1996-ல் அதே கோஷ்டி டென்வர் நகரத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தது! கியூபெக் ரசிகர்களின் வயிற்றெரிச்சலைச் சொல்ல வேண்டுமா?

வின்னிபெக் நகரமும் 1996-ல் தன் கோஷ்டியை இழந்தது. 15 வருஷம் கழித்து, 2011-ல் வேறொரு கோஷ்டி வந்தது. 13,000 வருஷ டிக்கெட்டுகள். பொது விற்பனைக்கு வந்தவை 17 நிமிஷத்தில் தீர்ந்தன! 2024-ல் அது சுமார் 9,500 ஆகக் குறைந்தது. இத்தனைக்கும் கோஷ்டி பிரமாதமாக ஆடியது. ஆனால் ஒரு வருஷத்து ஆட்டம் அத்தனைக்கும் பணம் கட்டுவது குடும்பஸ்தனுக்கு லேசா? இந்த நிலை நீடித்தால் தாங்காது என்று முதலாளி மார்க் சிப்மன் வெளிப்படையாகவே சொன்னார். 2024-25 பருவத்தில் 32 கோஷ்டிகளில் முதலிடம் பிடித்தது வின்னிபெக்தான்.

கியூபெக்கில் 2015-ல் 18,000 பேர் உட்காரும் புது அரங்கு கட்டினார்கள். கோஷ்டி திரும்பி வரும் என்ற நம்பிக்கை. கச்சேரி நடக்கிறது. சிறுவர்களின் ஆக்கி நடக்கிறது. பெரிய கோஷ்டி இன்னும் வரவில்லை.