ரத்தம் யாருடையது?

மேடையில் நின்று வீரம் பேசுவது எளிது. பேசி முடித்து, கழுத்து மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசி ரயிலைப் பிடிப்பது அதைவிட எளிது. பேச்சைக் கேட்டவன் மட்டும் அந்த ஊரிலேயே இருக்கிறான். மறுநாள் காலை அதே பண்ணையின் வரப்பில், அதே ஆலையின் வாசலில் அவன் போய் நின்றாக வேண்டும். இந்தச் சங்கடத்தை நேருக்கு நேர் சந்தித்த ஒரு நாடகக்காரரின் கதையைத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அகுஸ்டோ போவால் என்பது அவர் பெயர். பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரில் 1931-ல் ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். நியூயார்க்குக்குப் போய் ரசாயனப் பொறியியல் படித்தார். ஆனால் மனம் நாடகத்தில் நின்றது. ஊர் திரும்பி 1956-ல் சாவோ பாவ்லோவின் அரேனா நாடகக் குழுவில் சேர்ந்தார்.

பிரேசிலின் வடகிழக்கு, பெருநிலக்கிழார்களின் ராஜ்ஜியம். குடியானவனுக்கு உழைப்பு உண்டு, நிலம் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் போவாலின் குழு அங்கே போய் நாடகம் போட்டது. முடிவில் நடிகர்கள் துப்பாக்கிகளை உயர்த்திப் பிடித்து, நிலத்தை மீட்க நமது ரத்தத்தைச் சிந்துவோம் என்ற கருத்தில் முழங்கினார்கள். கூட்டம் உருகிற்று. ஒரு விவசாயி கண்ணீரோடு ஓடி வந்தார். நீங்கள் நம்மவர்கள்; முதலில் சாப்பிடுங்கள்; பிறகு உங்கள் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு வாருங்கள், எங்கள் தோழரின் நிலத்தைப் பறித்துக்கொண்டவனின் அடியாட்களை விரட்டுவோம் என்றார்.

நடிகர்கள் நெளிந்தார்கள். துப்பாக்கி அட்டை, சுடாது என்றார்கள். அதனால் என்ன, நீங்கள் அசல்தானே, எங்களிடம் எல்லோருக்கும் துப்பாக்கி இருக்கிறது என்றார் அவர். ஐயா, நாங்கள் அசல் நடிகர்கள், அசல் விவசாயிகள் அல்ல என்று இழுத்தார்கள் இவர்கள். அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் ரத்தம் சிந்துவோம் என்று நீங்கள் சொன்னது எங்கள் ரத்தத்தை, உங்கள் ரத்தத்தை அல்ல. அப்படித்தானே என்று கேட்டார்!

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நடிகர்கள் மட்டும்தானா? ஒலிபெருக்கி முன் நிற்கும் ஒவ்வொருவருமே பதில் சொல்ல வேண்டும். போவால் தம் வாழ்நாள் முழுதும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். தாம் செய்யத் துணியாததைப் பிறருக்கு உபதேசிப்பதில்லை என்று முடிவு கட்டினார்.

1964-ல் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1971-ல் போவாலைப் பிடித்துச் சிறையில் அடைத்துச் சித்திரவதை செய்தது. விடுதலையானதும் நாட்டை விட்டு வெளியேறி அர்ஜென்டினா சென்றார். 1973-ல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்யப் போனார். திருப்பம் அங்கேதான் நேர்ந்தது, அதுவும் ஒரு துடைப்பக் கட்டையால்!

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண். வீடு கட்டுகிறேன் என்று கணவன் அவளிடம் பணம் வாங்கிக்கொண்டே இருந்தான். ரசீதுகள் என்று சொல்லிக் கட்டுக் கட்டாய்க் காகிதம் கொடுத்தான். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் படிக்கச் சொன்னாள். அத்தனையும் வேறொருத்தி அவனுக்கு எழுதிய காதல் கடிதங்கள்! அவன் வீடு திரும்பும்போது என்ன செய்வது? இதை நாடகமாக்கி, சபையில் இருந்தவர்களிடமே யோசனை கேட்டார்கள். மக்கள் சொல்வார்கள், நடிகர் நடித்துக் காட்டுவார். அதுவரை அதுதான் முறை. பருத்த சரீரம் கொண்ட ஓர் அம்மாள், அவனிடம் மிகத் தெளிவாகப் பேச வேண்டும், பிறகு மன்னிக்க வேண்டும் என்றார். நடிகை பேசினார். இது தெளிவில்லை என்றார் அம்மாள். இன்னும் உரக்கப் பேசினார் நடிகை. இதுவும் இல்லை என்றார் அம்மாள், கோபமாக. சரி, நீங்களே வந்து காட்டுங்கள் என்றார் போவால். ஏறினார் அந்தத் தாய். துடைப்பத்தை எடுத்தார். கணவனாக நடித்தவரைக் கை ஓயும் மட்டும் மொத்தினார். பிறகு மன்னித்து, போய்ச் சமையலறையிலிருந்து சாப்பாடு எடுத்து வா என்றார்!

அந்த நடிகரின் முதுகுக்கு நம் அனுதாபம். ஆனால் பார்த்தவள் நடித்தவளாகிவிட்டாள். மேடைக்கும் தரைக்கும் நடுவே இருந்த சுவர் இடிந்தது. விவாத அரங்கு என்ற முறை இப்படித்தான் பிறந்தது. 1974-ல் போவால் எழுதிய நூல் வெளிவந்தது. ஒடுக்கப்பட்டோர் அரங்கம் என்று இந்த முறைகளுக்கெல்லாம் பெயரிட்டார்.

ஆலைத் தோழர்கள் கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்றை அந்த நூலில் எழுதியிருக்கிறார். பெருவின் சிம்போட்டே துறைமுகத்தில் மீன்மாவு ஆலைகள். ஒரு வாலிபத் தொழிலாளி சொன்னான்: காலை எட்டு முதல் இரவு எட்டு வரை முதலாளி சக்கையாய்ப் பிழிகிறான், என்ன செய்வது? யோசனைகள் கிளம்பின. ஒருவர் மெதுவாக வேலை செய்வோம் என்றார். இயந்திரத்தை வேகமாக ஓட்டிப் பழுதாக்கினால், சரிசெய்யும் வரை ஓய்வு கிடைக்கும் என்றார் இன்னொருவர். வெடிகுண்டு என்றார் மற்றொருவர். ஏறி நடிக்கப் பார்த்தபோது குண்டு செய்யத் தெரிந்தவர் எவருமில்லை, ஆலை போனால் பிழைப்பும் போகும் என்று தெரிந்தது. வேலைநிறுத்தம் என்று ஒருவர் ஏறினார், தொழிலாளர் வெளியேறினார்கள். முதலாளியாக நடித்தவர் என்ன செய்தார் தெரியுமா? நேரே சதுக்கத்துக்குப் போய், வேலையின்றி நின்றவர்களைக் குறைந்த கூலிக்கு அழைத்து வந்துவிட்டார்! அப்புறந்தான், வேலையில்லாதவனையும் சேர்த்துக்கொண்டு சங்கம் கட்டுவது என்ற யோசனை வந்தது. சபை அதையே சிறந்ததென்று ஏற்றது.

இதே முடிவை நாம் ஒரு பொதுக்கூட்டத்தில் ஐந்தே நிமிடத்தில் சொல்லியிருப்போம். கை தட்டியிருப்பார்கள், கலைந்திருப்பார்கள். கருங்காலியை எதிரே நிறுத்தி, தம் யோசனை தோற்பதைத் தாமே பார்த்து, அதன்பின் கண்டுபிடித்த முடிவு அல்லவா அவனவன் சொந்த முடிவு!

இதற்குத் திரையும் வேண்டாம், ஜிகினாவும் வேண்டாம். ஊரறிந்த அநியாயம் ஒன்றைச் சிறு நாடகமாக்கி, ஒடுக்கப்பட்டவன் தோற்பதோடு நிறுத்த வேண்டும். மறுபடியும் தொடங்கும்போது, நான் அவனாக இருந்தால் இப்படிச் செய்வேன் என்று நினைப்பவர் நிறுத்து என்று குரல் கொடுத்து, ஏறி அவன் இடத்தில் நிற்க வேண்டும். கொடுமைக்காரனின் இடத்தில் அல்ல. மிராசுதார் திடீரென்று மனம் திருந்திவிட்டால் கதை முடிந்தது, ஊரில் ஒன்றும் முடியாது. சீட்டுக்கட்டில் உள்ள ஜோக்கரைப் போல் எந்தக் கட்சிக்கும் சேராத ஒருவர் நடுவில் நின்று, இது நம் ஊரில் நடக்குமா என்று சபையைக் கேட்டுக்கொண்டே இருப்பார். தீர்ப்பு அவர் சொல்வதில்லை. நம் பேச்சாளர்களுக்கு மிகக் கடினமான வேடம் அதுதான்!

போவால் 1986-ல் நாடு திரும்பினார். 1992-ல் தொழிலாளர் கட்சி வேட்பாளராக ரியோ நகரமன்றத்துக்குத் தேர்வானார். குழுக்கள் சேரிகளிலும் தொழிற்சங்கங்களிலும் நாடகம் போட்டு, மேடையில் எழுந்த யோசனைகளை மசோதாக்களாக்கின. பதின்மூன்று சட்டங்கள் நிறைவேறின. நகராட்சி மருத்துவமனைகளில் முதியோர் நோய் தெரிந்த மருத்துவர் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 1996 தேர்தலில் அவர் தோற்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2009-ல் காலமானார்.

பிரேசில் சமாச்சாரம் நமக்கெதற்கு என்பார் உண்டு. வங்காளத்தைப் பாருங்கள். இடதுசாரி அரசியல் ஊழியராக இருந்த சஞ்சய் கங்குலி, மேலிருந்து சொல்வதும் கீழிருந்து கேட்பதுமான வழக்கத்தில் மனம் கசந்து சுந்தரவனக் கிராமங்களுக்குப் போனார். 1985-ல் ஜன சம்ஸ்கிருதி என்ற குழு தொடங்கிற்று. நடிப்பவர்களில் பலர் விவசாயக் கூலிகள், பெண்களும் மேடையேறினார்கள். அவர்களுடைய ‘சோனார் மேயே’ பெண் பார்ப்பதையும் சீர் கேட்பதையும் புகுந்த வீட்டுக் கொடுமையையும் காட்டுகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். சட்டம் காகிதத்தில் இருக்கிறது; சீர் பட்டியலும் காகிதத்தில்தான் இருக்கிறது. நாடகம் நிற்கும்போது, ஊர்ப் பெண் ஒருத்தி எழுந்து மணப்பெண்ணின் இடத்தில் உட்காருகிறாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். இந்தத் தடவை பதில் சொல்வது அவள். கூட்டத்தில் அவளுடைய தகப்பனாரும் உட்கார்ந்திருக்கலாம்.